பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள்: சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளை ஊர்க் காரியங்களில் சேர்க்க ஒரு வழிகாட்டி

என் அக்காள் மகனுக்கு இப்போது பதினொரு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு குறைவு, நாம் சொல்வது புரியும். நெல்லைச் சீமையில் சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊர். அவனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது அம்மன் கோயில் கொடைக்கு, அதாவது ஆண்டுத் திருவிழாவுக்கு, முதன்முதலாகத் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான். தாய்மாமன் தோளில் உட்கார்ந்து மருமகன் கொடை பார்க்க வேண்டும் என்று ஆசை. போன நேரம் மதியக் கொடை உச்சத்தில் இருந்தது. நையாண்டி மேளம், குழாய் ரேடியோ, அதற்கு மேல் வேட்டு. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறியவன், என் தோளிலிருந்து வழுக்கி இறங்கி ஓடினான். குளத்தங்கரையில்தான் பிடித்தோம். அதன்பிறகு மூன்று ஆண்டுகள் அக்காள் ஊரில் எந்த நல்லது பொல்லாததுக்கும் பிள்ளையோடு வரவில்லை.

அன்றைய தவறு என்னுடையது. எந்த ஆயத்தமும் செய்யாமல், ஆண்டிலேயே மிகப் பெரிய சத்தத்தின் நடுவில் ஒரு குழந்தையை இறக்கிவிட்டேன். அந்த மூன்று ஆண்டுகளிலும் அதற்குப் பிறகும் சிறப்பாசிரியர்களிடமும் மற்ற பெற்றோரிடமும் கேட்டறிந்ததையும், நாங்களே செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். பிள்ளைக்கு இன்ன குறைபாடு என்று மருத்துவர் சொல்லி இப்போதுதான் கேட்டிருக்கும் பெற்றோருக்காக இது. உதவ மனம் இருந்தும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கும் அத்தை, மாமா, பக்கத்து வீட்டார், கோயில் கமிட்டியார், சபையார், ஜமாஅத்தார் ஆகியோருக்காகவும்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துக் கொடையில் சும்மா வேடிக்கை பார்க்க வருகிறவர் வெளியூர்க்காரர். உள்ளூர்க்காரருக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி உண்டு, வேலையும் உண்டு. ஒருவர் பந்தலுக்குக் கால் நடுவார், ஒருவர் விறகு சுமப்பார், ஒருவர் பந்தியில் தண்ணீர் ஊற்றுவார். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு மட்டும் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு, "பாவம், பார்க்கட்டும்" என்கிறோம். அன்போடு போட்ட நாற்காலிதான். ஆனால் பிறந்த ஊரிலேயே பிள்ளையை அது வெளியூர்க்காரனாக்கிவிடுகிறது. ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே இடத்தை நோக்கித்தான் போகும்: பிள்ளைக்கு ஒரு வேலை வேண்டும். மற்ற படிகளெல்லாம் அந்த வேலைவரை பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கானவை.

படி 1: ஒரு நோட்டும் இரண்டு வாரமும்

எந்த விழாவுக்கும் போகும் முன் இரண்டு வாரம் பிள்ளையைக் கவனித்து எழுதுங்கள். எந்தச் சத்தம் ஆகாது, எந்தச் சத்தம் பிடிக்கும்? யார் தொட்டால் உடம்பை இறுக்கிக்கொள்கிறது? கூட்டத்தில் எத்தனை நிமிடம் தாங்கும்? அழுகை வெடிக்கும் முன் உடம்பு என்ன அடையாளம் காட்டுகிறது? எங்கள் மருமகன் சட்டைப் பொத்தானைத் திருகத் தொடங்கினால் இன்னும் ஐந்து நிமிடம்தான் இருக்கும் என்று கணக்கு. அக்காள் எழுதி வைத்த நோட்டில்தான் இதைக் கண்டுபிடித்தோம். வேட்டுக்கு நடுங்கும் அதே பிள்ளை வில்லுப்பாட்டுக்காரரின் குடத்தின் மேல் காதை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமும் இருப்பான் என்பதும் அப்படித்தான் தெரிந்தது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சத்தமும் கூட்டமும் பெரிய தடை. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குத் தடை கோயில் வாசற்படியாகவும், தரையில் சம்மணம் போட்டு உட்காரும் பந்தியாகவும் இருக்கும். விழுங்குவதில் சிரமம் இருந்தால் முதுகு நிமிர உட்கார வைத்தே ஊட்ட வேண்டும். காது கேளாத பிள்ளை பேசுகிறவர் முகத்தைப் பார்க்க வெளிச்சம் வேண்டும். பார்வையற்ற பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று பக்கத்தில் இருந்து சொல்ல ஒரு வாய் வேண்டும். குறைபாட்டின் பெயர் ஒன்றாக இருந்தாலும் பிள்ளைகள் ஒன்றுபோல இருப்பதில்லை. அதனால்தான் நோட்டு.

படி 2: தினமும் வரும் சின்னக் காரியத்தில் தொடங்குங்கள்

நாங்கள் செய்த பெரிய பிழை, கொடையில் தொடங்கியதுதான். கொடை ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும். ஒரு முறை பயந்த பிள்ளை அடுத்த கொடைவரை அந்தப் பயத்தையே சுமந்துகொண்டிருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே முகங்களோடு திரும்பத் திரும்ப நடக்கும் காரியம். நல்ல வேளையாக நம் சீமையில் அதற்குக் குறைவில்லை.

மார்கழியில் விடியற்காலை பஜனை இருக்கிறது. முப்பது நாளும் அதே பாட்டு, அதே பத்துப் பதினைந்து பேர், முடிவில் கையில் சூடான பொங்கல். முதல் வாரம் தெருமுனையில் நின்று கேளுங்கள். இரண்டாம் வாரம் கோயில் வாசல். மூன்றாம் வாரம் உள்ளே. எங்கள் பிள்ளை முதலில் உள்ளே போய் உட்கார்ந்தது கொடையில் இல்லை, மார்கழியின் இருபதாவது நாளுக்கு மேல் ஒரு காலையில்தான். மேலப்பாளையத்தில் இருக்கிறவர்களுக்கு நோன்பு மாதம் இதேபோல ஒரு வரம்: அஸர் என்னும் மாலைத் தொழுகைக்குப் பிறகு தூக்குவாளியோடு பள்ளிவாசலுக்குப் போய்க் கஞ்சி வாங்கி வருவது பத்து நிமிட வேலை, மாதம் முழுதும் தினமும் உண்டு, வாளி பிள்ளையின் கையிலேயே இருக்கும். சபையில் ஓய்வுநாள் பள்ளி வாரம் தவறாமல் வருகிறது. முதல் மாதம் தொடக்கப் பாட்டு முடிந்ததும் வெளியே வந்துவிடலாம்.

சிறுவீட்டுப் பொங்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும். தை மாதத்தில் முற்றத்தில் மண்ணால் சின்ன வீடு கட்டி, சின்னப் பானையில் பொங்கலிட்டுக் கொண்டாடும் இந்த வழக்கம் நம் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு உரியது என்றாலும் தம்பிமாரும் கூடவே சுற்றிக்கொண்டிருப்பார்கள். பிள்ளை அளவுக்கே செய்த திருவிழா அது. சொந்த முற்றம், தெரிந்த நான்கு வீட்டுப் பிள்ளைகள், குழைக்க ஈர மண். கை விரல்களில் பிடிமானம் குறைந்த பிள்ளை சுவரைத் தட்டித் தட்டிச் சமன் செய்யலாம். மண் தொடக் கூசும் பிள்ளை பூ வைக்கலாம். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்காக அந்தச் சிறுவீட்டைத் தரையில் கட்டாமல் ஒரு பலகை மேல் கட்டினால் போதும். இந்த வழக்கம் பல தெருக்களில் மறைந்து வருகிறது. உங்கள் தெருவில் விட்டுப்போயிருந்தால் உங்கள் பிள்ளைக்காகவே மறுபடி தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கல்யாணத்துக்கும் இதே கணக்குதான். முகூர்த்தத்தின்போது கெட்டிமேளம் திடீரென்று எழும். மண்டபம் நிரம்பி வழியும். அதைவிட மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போங்கள். ஆட்கள் குறைவு, உறவினர் மட்டும், மேளம் இல்லை.

படி 3: ஒத்திகை

விழாவுக்கு மூன்று வாரம் முன்பே, விழா இல்லாத நாளில், அந்த இடத்தைக் காட்டுங்கள். ஆனித் தேரோட்டத்துக்குப் போவதாக இருந்தால், நெல்லையப்பர் தேர் நிலையில் நிற்கும்போதே போய்ச் சக்கரத்தின் உயரத்தைப் பார்க்கட்டும். தேரோட்ட நாளில் மொத்தம் ஐந்து தேர் ஓடும்; ஒன்றைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாலும் போதும் என்று நீங்கள் முன்னதாகவே முடிவு செய்துகொள்ளுங்கள். டிக்கெட் எடுப்பது, வரிசையில் நிற்பது, தெரியாத ஆட்களோடு சுற்றி வருவது ஆகியவற்றைப் பழக்கக் கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட அறிவியல் மையம் நல்ல இடம். கூட்டம் குறைந்த வேளையில் போனால் தொட்டுப் பார்க்க, இழுத்துப் பார்க்கப் பொருட்கள் இருக்கும், பக்கத்தில் ஆறு.

போன இடத்தையெல்லாம் படம் எடுத்து அட்டையில் ஒட்டுங்கள். வாசல், செருப்பு விடும் இடம், சாமி, பந்தி, வீடு. வரிசையாக வைத்துத் தினமும் ஒரு தடவை காட்டிச் சொல்லுங்கள். "முதலில் சாமி, பிறகு பந்தி, பிறகு வீடு." கடைசி அட்டை எப்போதும் வீடுதான். எப்போது முடியும் என்று தெரிந்த பிள்ளை நடுவில் இருப்பதைத் தாங்கிக்கொள்ளும். சத்தம் ஆகாத பிள்ளைக்குக் காதை மூடும் காப்பு வாங்கினால், அதை விழா நாளில் முதன்முதலாக மாட்டாதீர்கள். ஒரு மாதம் வீட்டில் மாட்டிப் பழகியிருக்க வேண்டும். புதுச் சட்டையும் அப்படித்தான்: ஒரு தடவை துவைத்து, விறைப்பு போன பிறகு போடுங்கள்.

படி 4: ஊர்க்காரரிடம் நேராகப் பேசுங்கள்

இது பலருக்குச் சங்கடமான படி. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் கமிட்டியார் மறுத்துவிடுவார்கள் என்று நாமே நினைத்துக்கொண்டு கேட்காமல் இருந்த ஆண்டுகள்தான் வீணாய்ப் போயின. கொடைக்கு முதல் கால் நடும் கால்நாட்டு முடிந்த மாலை, ஆட்கள் ஓய்வாக உட்கார்ந்திருக்கும் நேரத்தில் போய், தெளிவாக நான்கு காரியம் கேட்டேன். வேட்டு எந்தெந்த நேரத்தில் போடுவார்கள்? கோயிலை ஒட்டி ஒரு வீட்டுத் திண்ணையோ அறையோ கிடைக்குமா? படியில் சாய்வாக ஒரு பலகை போடலாமா? (அந்தப் பலகை எங்கள் பிள்ளைக்கு வேண்டியதில்லை, கீழத் தெருவில் சக்கர நாற்காலியில் ஒரு சிறுமி இருந்தாள்.) முதல் பந்தியில் அக்காளுக்கும் பிள்ளைக்கும் இடம் உண்டா?

நான்கும் கிடைத்தன. வேட்டு நேரத்தை ஒலிபெருக்கியில் முன்கூட்டியே சொல்ல ஏற்பாடு செய்தார்கள். அதனால் கைக்குழந்தை வைத்திருந்த தாய்மாருக்கும் நன்மை வந்தது.

முதல் பந்தியை நான் ஏன் கேட்டேன் என்று சொல்கிறேன். சிறப்புத் தேவையுள்ள பிள்ளையின் தாய் பல விசேஷங்களில் சூடாக ஒரு வாய் சாப்பிட்டிருக்க மாட்டாள். பிள்ளையைச் சமாதானப்படுத்தி முடிக்கும்போது கடைசிப் பந்தியும் எழுந்துவிடும். உதவ நினைக்கிறவர் யாராக இருந்தாலும், அந்தத் தாய் உட்கார்ந்து சாப்பிடும் பதினைந்து நிமிடம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு எதுவும் முடியாவிட்டாலும் இதை எல்லோராலும் செய்ய முடியும்.

"பிள்ளைக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதிலை வீட்டில் எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "அவனுக்குச் சத்தம் ஆகாது, மெதுவாகப் பேசினால் கேட்பான்" என்பது போல, கேட்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கட்டும். தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பதும், நெற்றியில் சட்டென்று திருநீறு பூசுவதும் பெரியவர்களின் அன்பு. தொட்டால் துடிக்கும் பிள்ளையாக இருந்தால், "அவன் கையில் கொடுங்கள், அவனே பூசிக்கொள்வான்" என்று சொல்லலாம். யாரும் வருத்தப்படுவதில்லை.

கேட்பது சலுகை என்று கூச வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதன் 29வது பிரிவு பண்பாட்டு நிகழ்ச்சிகளிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்கும் உரிமையைப் பேசுகிறது. அடையாள அட்டை இன்னும் வாங்கவில்லை என்றால் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு இருப்பதாகச் சான்று கிடைத்தால்தான் பெரும்பாலான உதவிகள் வரும். சாதாரண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் போகும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. ஒத்திகைக்குப் பல நடை போக வேண்டிய குடும்பத்துக்கு இது சின்ன உதவி இல்லை. பயிற்சியும் ஆலோசனையும் வேண்டுமானால் உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரைப் பாருங்கள். தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம் இருக்கிறது. விபத்தில் கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கியது அது, 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கும் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் பள்ளிகள் வந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் அவ்வளவு காலத்துக்கு முன்பே இடம் கொடுத்த சீமை பந்தியிலும் இடம் கொடுக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

படி 5: வேலை

பிள்ளைக்கான வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கைப் பாருங்கள். தொடக்கமும் முடிவும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கையால் செய்வதாக இருக்க வேண்டும். வீட்டில் பழகக்கூடியதாக இருக்க வேண்டும். ஊர் பார்க்கும் இடத்தில் நடக்க வேண்டும். நான்காவது மிக முக்கியம். பின்கட்டில் உட்கார வைத்துச் செய்யும் வேலையால் பிள்ளைக்கு ஊரில் பெயர் வராது.

எங்கள் மருமகனுக்குப் பந்தியில் உப்பு வைக்கும் வேலை வாங்கினேன். வீட்டில் வாழை இலைத் துண்டுகளை வரிசையாகப் போட்டு, இடது ஓரத்தில் ஒரு கரண்டி உப்பு வைக்கப் பழக்கினோம். பொருட்களை ஒரே வரிசையில் அடுக்குவது அவனுக்குப் பிறவியிலேயே பிடிக்கும். பல நாள் அதை ஒரு குறையாகவே பேசிக்கொண்டிருந்தோம். பந்தியில் அதுவே அவன் கைத்திறமையாக ஆனது. முதல் ஆண்டு முதல் பந்தியில் ஒரு வரிசை, இருபது இலை. அவ்வளவுதான், வீட்டுக்கு வந்துவிட்டோம். மறு ஆண்டு இரண்டு வரிசை. இப்போது அவன் உப்பு வைத்த பிறகுதான் சோறு வர வேண்டும் என்று பந்தி விசாரிக்கும் பெரியப்பா நிற்கிறார்.

பார்வையற்ற பிள்ளைக்கு வில்லுப்பாட்டுக் குழுவிடம் கேட்டு ஒரு பாட்டுக்கு ஜால்ரா தட்ட இடம் வாங்குங்கள்; பூக்கட்டவும் விரல் பழகும். காது கேளாத சிறுமி முளைப்பாரி வரிசையில் மற்ற பெண்களோடு நடக்கலாம். எப்போது நிற்பது, எப்போது திரும்புவது என்று முன்னால் போகும் அக்காள் கையால் சைகை காட்டட்டும். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை பந்தல் வாசலில் சந்தனத் தட்டோடு இருந்தால், வருகிற ஒவ்வொருவரும் அதன் முன் குனிந்து நின்று முகம் பார்த்துத்தான் உள்ளே போக வேண்டும். அசனம் என்னும் பொது விருந்து நடக்கும் சபைகளில் முந்தின மாலையே வெங்காயம் உரிக்கவும் காய்கறி நறுக்கவும் ஊரே கூடிவிடும். அவசரம் இல்லாத, பேச்சும் சிரிப்புமான நேரம் அது. அசன நாளின் நெரிசலைவிட அந்த மாலை டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு நன்றாக ஒத்துவருவதைக் கண்டிருக்கிறேன்.

மற்ற பிள்ளைகளிடமும் முன்பே சொல்லுங்கள். பெரியவர்களைவிட அவர்களுக்குச் சீக்கிரம் புரிகிறது. "அவன் பேச மாட்டான், ஆனால் படத்தைக் காட்டுவான், நீ படத்தைப் பார்த்து எடுத்துக் கொடு" என்று ஒரு பையனிடம் சொன்னால் போதும், மற்றவர்களுக்கு அவன் சொல்லிக் கொடுத்துவிடுவான்.

படி 6: விழா நாளில்

வீட்டிலேயே வயிறு நிறையச் சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள். பையில் தண்ணீர், மாற்று உடை, பிடித்த பொருள், பட அட்டைகள், வழக்கமான மாத்திரை இருக்கட்டும். சட்டைப் பையிலோ இடுப்புக் கயிற்றிலோ உங்கள் போன் எண் இருக்க வேண்டும். கிளம்பும் முன் அன்றைய உடையோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேட நேர்ந்தால் உதவும்.

பிள்ளையை ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்துக்கொள்ளும்போது, "இப்போது நீ பார்த்துக்கொள்" என்று வாய்விட்டுச் சொல்லி, அடுத்தவர் "சரி" என்று சொன்ன பிறகே கையை விடுங்கள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நினைத்திருக்கும் நேரத்தில்தான் பிள்ளை காணாமல் போகிறது. நம் ஊர்களில் ஆறும் வாய்க்காலும் குளமும் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கின்றன. இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் மேல் தீராத ஈர்ப்பு. காணவில்லை என்றால் முதல் ஆள் தண்ணீர்க் கரைக்குத்தான் ஓட வேண்டும்.

அழுகை வெடித்தால் அடம் என்று நினைக்காதீர்கள். தாங்க முடியாததை உடம்பு சொல்கிறது. திண்ணைக்கோ அறைக்கோ அழைத்துப் போய், பேச்சைக் குறைத்து, பக்கத்தில் உட்காருங்கள். சுற்றி நிற்பவர்களைக் கலைந்து போகச் சொல்வதும், போனில் படம் எடுப்பவரைத் தடுப்பதும் கூட வந்த மாமா, சித்தப்பாவின் பொறுப்பு.

வலிப்பு வரும் பிள்ளையாக இருந்தால் ஒன்றை எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: கையில் சாவியோ இரும்போ திணிக்க வேண்டாம், அதனால் எந்தப் பயனும் இல்லை. வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, சுற்றிலும் இடிக்கிற பொருட்களை அகற்றி, மணி பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

நன்றாக இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். "இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போங்களேன்" என்று ஊரார் பிடிப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எல்லாம் கெடும். சிரித்த முகத்தோடு வீடு திரும்பிய பிள்ளைதான் அடுத்த முறை தானாகச் செருப்பை மாட்டும்.

படி 7: மறுநாள்

இந்தப் படி எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அவன் உப்பு வைத்த முதல் ஆண்டு, கொடை முடிந்து ஒரு வாரம் வரை தினமும் மாலையில் உப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றான். கோயிலுக்கு அழைத்துப் போனால் பந்தலைக் காணாமல் அழுதான். பந்தல் போடுவதைக் காட்டியிருந்தோம், பிரிப்பதைக் காட்டவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து கொடைக்கு மறுநாள் காலையில் கூட்டிப் போகிறோம். ஆட்கள் கீற்றை இறக்குவார்கள், ரேடியோக்காரர் வயரைச் சுருட்டுவார், பெண்கள் அண்டாவைத் தேய்த்துக் கவிழ்ப்பார்கள். கடைசிக் கால் பிடுங்கியதும் அந்தக் குழியில் மண் தள்ளும் வேலையும் இப்போது அவனுடையதுதான். காலால் மிதித்துச் சமன் செய்துவிட்டு, வீடு போட்ட அட்டையை எடுத்து என் கையில் கொடுப்பான்.